வளைகாப்புக்கு முன்னரே

தமிழ்க் குடும்பங்களில் ஒரு பெண் கருவுற்றால் ஐந்தாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ வளைகாப்பு நடத்துவது வழக்கம். கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கி, சித்திரான்னங்கள் சமைத்துப் பரிமாறி, பின்னர் அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வர். தமிழகத்தை விட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியேறியவர்களும் இவ்வழக்கத்தைக் கைவிட்டாரல்லர். தலைப்பிரசவத்துக்காக ஊருக்குப் புறப்படும் மகளையோ மருமகளையோ ரயிலேற்றி அனுப்பும் காட்சியைத் தாதரிலும் காணலாம், ஹௌராவிலும் காணலாம்.

வழக்கம் அழகியதே. ஆயினும் உடற்கூற்று நூல் இங்கே ஒரு செய்தியை நமக்கு நினைவூட்டுகிறது. வளையல் அடுக்கும் நாள் வருவதற்குள் கருவிலுள்ள சிசுவின் எலும்புக்கூடு எந்த வடிவில் அமைய வேண்டுமோ அந்த வடிவம் பெரும்பாலும் அமைந்து முடிந்துவிடுகிறது. முதுகெலும்பின் உள்ளே தண்டுவடமாக ஆக வேண்டிய நரம்புக் குழலோ, தான் கருவுற்றிருக்கிறோம் என்பதைத் தாய் அறிந்துகொள்ளும் முன்னரே மூடிக்கொள்கிறது.

இதன் பொருள் யாது? குழந்தையின் உடலுக்கு அடிப்படையிடும் முதல் மூன்று மாதங்களைப் பெண் கழிப்பது தாய்வீட்டில் அன்று. கணவனோடு வாழும் வேற்றூர் வீட்டிலேதான். அங்கே அருகிருந்து எடுத்துச் சொல்ல அன்னையோ அத்தையோ பாட்டியோ பல வேளைகளில் இருப்பதில்லை. அந்த நாட்களில் அவள் உண்ணும் கீரைக்கும், விழுங்கும் ஒரு சிறு மாத்திரைக்கும், சுவாசிக்கும் காற்றுக்கும், பல்லில் தேய்க்கும் பொடிக்கும் பிறக்கப்போகும் குழந்தையின் எலும்போடு நேரான தொடர்பு உண்டு. அத்தொடர்பு எத்தகையது என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

எலும்பு உருவாகும் விதம்

சுவாமிமலையில் ஸ்தபதிகள் வெண்கலத் திருமேனி வார்ப்பதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர். முதலில் மெழுகினால் உருவம் செய்வர். அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவர். மெழுகு உருவம் எவ்வாறு அமைந்ததோ அவ்வாறே வெண்கலமும் அமையும். கருவின் கை கால் எலும்புகள் உருவாவதும் ஏறக்குறைய இத்தகையதே. முதலில் தோன்றுவது எலும்பு அன்று. வளையக்கூடிய, வழவழப்பான குருத்தெலும்பு. அந்தக் குருத்தெலும்பு சிறிது சிறிதாக நீங்க, அதன் இடத்தில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து உண்மையான எலும்பு உண்டாகிறது.

இதற்குரிய காலக்கணக்கையும் தெரிந்துகொள்வது நலம். கரு உண்டான நான்காம் வார இறுதியில் கைகளும் கால்களும் சிறு மொட்டுகளாகத் தலைகாட்டுகின்றன. ஆறாம் வாரத்தில் அவற்றினுள் குருத்தெலும்பு அச்சுகள் தோன்றுகின்றன. எல்லா எலும்புகளுக்கும் முன்னதாகக் கெட்டிப்படத் தொடங்குவது தோளருகே உள்ள காறை எலும்பு. எட்டாம் வார அளவில் தொடை எலும்பின் நடுப்பகுதியிலும் மேற்கை எலும்பின் நடுப்பகுதியிலும் சுண்ணாம்பு படியத் தொடங்குகிறது. பன்னிரண்டு வாரம் நிறையும்போது நீண்ட எலும்புகள் அனைத்திலும் இவ்வேலை தொடங்கியிருக்கும்.

அமைப்பு முடிந்த பின்னர் உறுதி சேர வேண்டும். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் உடலில் ஏறத்தாழ 30 கிராம் கால்சியம் இருக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு கடைசி மூன்று மாதங்களில் தாயிடமிருந்து வந்து சேர்வது. ஆக, முதல் மாதங்கள் வடிவத்துக்கு உரியவை. கடைசி மாதங்கள் உறுதிக்கு உரியவை. வளைகாப்புக்குப் பின் பாலும் பழமும் ஊட்டுவது உறுதியைத் தரும். ஆனால் முதல் மாதங்களில் நேர்ந்த குறையைத் திரும்ப அமைத்துத் தராது.

இலையிலிருந்து வந்த மருந்து

கருவுக்கு இன்றியமையாத ஃபோலிக் அமிலம் கண்டுபிடிக்கப்பட்ட வரலாற்றின் முதல் அத்தியாயம் நம் நாட்டிலேயே எழுதப்பட்டது. 1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அந்நகரின் பஞ்சாலைத் தொழிலாளரான ஏழைப் பெண்கள் கருவுற்றிருக்கும்போது கடுமையான இரத்த சோகைக்கு ஆளாகி மடிந்து வந்தார்கள். அதன் காரணத்தை ஆராய்வதே அவர் ஏற்ற பணி. பம்பாயிலுள்ள ஹாஃப்கின் ஆய்வகத்திலும், நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னை திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்கும் கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் பணிபுரிந்தார். அந்நோய் கிருமியால் வருவது அன்று, உணவுக் குறையால் வருவது என்பதையும், ஈஸ்ட்டிலிருந்து செய்யும் ‘மார்மைட்’ என்ற மலிவான பண்டம் அதனைத் தீர்க்கிறது என்பதையும் 1931-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அப்பண்டத்தில் மறைந்திருந்த சத்து யாது என்று அன்று எவரும் அறியார். ‘வில்ஸ் காரணி’ என்றே அதனை அழைத்தனர்.

பத்தாண்டுகள் கழித்து, 1941-இல், அமெரிக்க விஞ்ஞானிகள் டன் கணக்கான பசலைக் கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்தார்கள். இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டார்கள். 1945-இல் அதனை ஆய்வகத்திலேயே தயாரிக்கும் முறையைக் கண்டறிந்த லெடர்லி ஆய்வகத்தின் ஆராய்ச்சித் தலைவராக விளங்கியவர் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். அவரும் பிழைப்பையும் கல்வியையும் தேடித் தம் நாட்டை விட்டுச் சென்றவரே.

இச்சத்து செய்யும் தொழில் என்ன? உடலில் ஓர் அணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால், அதனுள் இருக்கும் மரபுப் பொருளும் இரண்டாகப் பெருக வேண்டும். அந்தப் பெருக்கத்துக்கு ஃபோலிக் அமிலம் தேவை. கருவில் அணுக்கள் இரவும் பகலும் பெருகிக்கொண்டேயிருப்பதால் அங்கே இதன் தேவை மிக அதிகம். போதாமற்போனால் முதலில் பாதிக்கப்படுவது நரம்புக் குழல். அது கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டியது. மூடாத இடத்தில் அதன்மேல் வளைந்து கவிய வேண்டிய முள்ளெலும்பும் பொருந்தாமல் பிளவுபட்டு நிற்கும். முதுகில் பிளவோடு பிறக்கும் அக்குழந்தைகளில் பலருக்குக் கால்கள் செயலிழக்கும். சிறுநீரை அடக்கும் ஆற்றலும் இராது. தலைப்பகுதியில் குழல் மூடாவிட்டால் மண்டை ஓடு உருவாவதில்லை, அக்குழந்தை பிழைப்பதுமில்லை.

1991-ஆம் ஆண்டில், ஏழு நாடுகளைச் சேர்ந்த 33 மருத்துவ நிலையங்கள் கூடி நடத்திய பெரும் ஆய்வொன்றின் முடிவு வெளிவந்தது. முன்னர் இத்தகைய குறையுள்ள குழந்தையைக் கருவுற்ற பெண்களுக்குக் கருத்தரிக்கும் முன்னரே ஃபோலிக் அமிலம் கொடுத்ததில், அக்குறை மீண்டும் நேர்வது நூற்றுக்கு 72 பங்கு தடுக்கப்பட்டது. மறு ஆண்டே ஹங்கேரி நாட்டு ஆய்வு, முதன்முறை கருவுறும் பெண்களுக்கும் இது காப்பாகிறது என்று காட்டியது.

எலும்பின் உறுதிக்கும் இச்சத்துக்கும் உள்ள தொடர்பை நம் நாட்டு ஆய்வும் காட்டியது. மகாராஷ்டிரத்தில் புனேயை அடுத்த கிராமங்களில் கருவுற்ற பெண்களை ஆராய்ந்து, அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். அக்குழந்தைகள் ஆறு வயதை எட்டியபோது அவர்களுடைய எலும்பின் அடர்த்தியை அளந்தார்கள். கருவுற்ற 28-ஆம் வாரத்தில் தாயின் இரத்தத்தில் ஃபோலேட் சத்து எவ்வளவு மிகுந்திருந்ததோ, அந்த அளவுக்குக் குழந்தையின் முதுகெலும்பும் முழு உடலின் எலும்பும் அடர்த்தியாக இருந்தன. பால், பருப்பு, கீரை, பழம் ஆகியவற்றை அடிக்கடி உண்ட தாய்மாரின் குழந்தைகளுக்கும் எலும்பு வளம் கூடுதலாகவே இருந்தது. இம்முடிவுகள் 2006-இல் வெளியாயின.

பல பெயர்களில் ஒரே நஞ்சு

இனி, எலும்புக்குப் பகையான பொருளைக் காண்போம். அதுவே புகையிலையிலுள்ள நிக்கோட்டின். நம் பெண்கள் சிகரெட்டுப் பிடிப்பவர்கள் அல்லரே, நமக்கு ஏன் இந்த உபதேசம் என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. 2016–17-இல் மத்திய அரசு நடத்திய கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் புகைப்பவர்கள் நூற்றுக்கு இருவர்தாம். ஆனால் மெல்லும் புகையிலையையோ, பல்லில் தேய்க்கும் புகையிலையையோ, மூக்கில் இடும் பொடியையோ பயன்படுத்துபவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 13 பேர். இந்தியத் தாய்மாரைப் பொறுத்தவரை ஆபத்து புகையினும் இலையிலேயே மிகுதி.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. ஊரில் வெற்றிலையோடு சேர்த்த காய்ந்த புகையிலையை எவரும் அறிவர். அது புகையிலை என்பதில் ஐயமில்லை. புதிய ஊரிலோ அதே பொருள் வேறு பெயர் பூண்டு, மருந்து போலவும் பற்பொடி போலவும் வீட்டுக்குள் நுழைகிறது. மகாராஷ்டிரத்தில் கருக வறுத்துப் பொடி செய்த புகையிலைக்கு மிஷ்ரி என்று பெயர். காலையில் பல் துலக்குவதற்கு என்று தொடங்கி, நாளில் பலமுறை ஈறில் ஒற்றிக்கொள்ளும் பழக்கமாக அது முற்றுகிறது. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் சுண்ணாம்போடு கசக்கி உதட்டில் இடுக்கும் கைனி. ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் வெல்லப்பாகு சேர்த்துக் களிம்பாகப் பல்லில் தேய்க்கும் குடாக்கு. வடக்கே எங்கும் பீடாவில் தூவும் ஜர்தா. பல்வலி தணியும், மலச்சிக்கல் நீங்கும், மசக்கை அடங்கும் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் அன்போடுதான் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவர்கள் அன்பில் குறையில்லை. பொருளில்தான் நஞ்சு இருக்கிறது.

நிக்கோட்டின் வாயின் மெல்லிய தோல் வழியாக இரத்தத்தில் கலக்கிறது. அங்கிருந்து நஞ்சுக்கொடியை எளிதில் கடந்து சிசுவை அடைகிறது. தாயின் இரத்தத்தில் இருக்கும் அளவைவிடச் சிசுவின் இரத்தத்தில் அது சற்று மிகுந்தே காணப்படுகிறது. வாயில் அடக்கிய புகையிலை நெடுநேரம் மெல்ல மெல்லச் சத்தை விடுவதால், நாள் முழுவதும் கணக்கிட்டால் புகைப்பவர்கள் பெறும் அளவுக்கு இவர்களும் நிக்கோட்டினைப் பெறுகிறார்கள்.

சிசுவை அடைந்த பின் அது செய்வதென்ன? முதலாவதாக, கருப்பையின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது; சிசுவுக்குச் செல்லும் உணவும் பிராணவாயுவும் குறைகின்றன. இரண்டாவதாக, குருத்தெலும்பின் அணுக்களையும் எலும்பை உண்டாக்கும் அணுக்களையும் நேராகவே தாக்குகிறது. கருவுற்ற எலிகளுக்கு நிக்கோட்டின் செலுத்திச் செய்த சோதனைகளில், குட்டிகளின் நீண்ட எலும்புகள் குறுகியிருந்தன. குருத்தெலும்பு எலும்பாக மாறுவதும் தாமதப்பட்டது. ஸ்தபதியின் உவமையைக் கொண்டு சொல்வதானால், மெழுகும் குறைந்தது, உலோகமும் நேரத்தில் வந்து சேரவில்லை.

பீடி, சிகரெட்டுப் புகையில் நிக்கோட்டினோடு கார்பன் மோனாக்சைடும் காட்மியமும் சேர்ந்து வருகின்றன. முன்னது இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பறித்துக்கொள்கிறது. பின்னது நஞ்சுக்கொடியில் தேங்குகிறது. இங்கிலாந்தில் சவுதாம்டன் நகரத்து மருத்துவர்கள் பிறந்த குழந்தைகளின் எலும்பை அளந்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், புகைத்த தாய்மாரின் குழந்தைகளுக்கு எலும்புச் செறிவு குறைந்திருந்தது. முதல் மாதங்களில் தாய் புகைப்பதனால் குழந்தைக்கு உதட்டிலும் அண்ணத்திலும் பிளவு நேரக்கூடும் என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2014-இல் வெளியிட்ட அறிக்கை உறுதி கூறியது. முகத்து எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் நாட்களும் அந்த முதல் மாதங்களே அல்லவா?

மெல்லும் புகையிலையைப் பற்றித் தெளிவான கணக்குத் தந்தது மும்பை நகரம். கருவுற்ற 1,217 பெண்களைப் பிரசவம் வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2004-இல் வெளியாயிற்று. மிஷ்ரி முதலிய புகையற்ற புகையிலையைப் பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள், மற்றத் தாய்மாரின் குழந்தைகளைவிடச் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தன. வேறு காரணங்களால் ஏற்படும் வேற்றுமையைக் கழித்த பின்னர் நின்ற கணக்கு இது. பிரசவமும் சராசரியாக ஆறு நாள் முந்திற்று. அதே பெண்களைக் குறித்து 2006-இல் வெளியான மற்றோர் ஆய்வு, குழந்தை இறந்து பிறக்கும் அபாயம் இவர்களுக்கு இருமடங்குக்கும் மேற்பட்டது என்று காட்டியது. 105 கிராம் என்பது ஒரு கைப்பிடி அரிசியின் எடைதானே என்று எண்ணிவிடலாகாது. இரண்டரைக் கிலோவைத் தொட முடியாமல் தத்தளிக்கும் குழந்தைக்கு அந்த ஒரு கைப்பிடியே எல்லைக்கோடாக அமைந்துவிடுகிறது. கால்சியம் மிகுதியாக வந்து சேரும் கடைசி நாட்களை முந்திப் பிறக்கும் குழந்தை இழந்தும் விடுகிறது.

ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகுமா?

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. ஃபோலிக் அமிலம் எலும்புக்கு நண்பன், நிக்கோட்டின் பகைவன் என்றால், மாத்திரையை ஒழுங்காக விழுங்கிவிட்டு மிஷ்ரியையும் தொடரலாமா? நண்பன் பகைவனை வென்றுவிட மாட்டானா?

இல்லை என்பதே விடை. இரண்டும் வெவ்வேறு வாயில் வழியாக நுழைபவை. ஃபோலிக் அமிலம் அணுக்கள் பெருகுவதற்கு வேண்டிய பொருளைக் கொடுக்கிறது. சுருங்கிய இரத்தக் குழாயை அது விரிப்பதில்லை. இரத்தத்திலிருந்து நிக்கோட்டினை வெளியேற்றுவதுமில்லை. அன்றியும், புகைப்பவர்களின் இரத்தத்தில் ஃபோலேட் சத்துக் குறைந்திருப்பது பல ஆய்வுகளில் காணப்பட்ட உண்மை. ஆகவே எவருக்கு அச்சத்து மிகத் தேவையோ அவரிடமே அது மிகக் குறைவாக இருக்கிறது. ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பவர் நீரின் அளவைக் கூட்டுவதால் பயனில்லை. ஓட்டையை அடைக்க வேண்டும். குடத்தில் ஓட்டை இல்லை என்பதற்காக நீர் வார்க்காமல் இருந்தாலும் குடம் நிறையாது. புகையிலையை விடுவதும் வேண்டும்; மாத்திரையை உட்கொள்வதும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்று அன்று.

செய்யத்தக்கவை

முதலாவது, மாத்திரை. குழந்தை வேண்டும் என்று தம்பதிகள் எண்ணிய நாள் முதலே பெண் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ள வேண்டும். கருவுற்ற பின் பன்னிரண்டு வாரம் முடியும் வரை தொடர வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் நம் மத்திய அரசும் கூறும் அளவு இதுவே. முன்னர் முதுகெலும்புப் பிளவுள்ள குழந்தையைக் கருவுற்றவர்களுக்கும், வலிப்பு நோய்க்கு மருந்து உண்பவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும் இதைவிட உயர்ந்த அளவு தேவைப்படலாம். அதனை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்திவிடுவதும் ஆபத்து. நான்காம் மாதம் முதல் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை நாள்தோறும், குறைந்தது 180 நாட்கள் உட்கொள்வது அரசின் திட்டம். அப்போதே கால்சிய மாத்திரையும் தொடங்கும். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் விழுங்கினால் ஒன்றை மற்றொன்று தடுக்கும். ஆதலால் வேளை மாற்றி உட்கொள்க. இரும்பு மாத்திரையைத் தேநீரோடோ காப்பியோடோ உட்கொள்ளலாகாது.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது இங்கும் பொருந்தும். சைவ உணவே உண்பவர்களில் பலருக்கு பி12 என்னும் வைட்டமின் குறைந்திருக்கும். அக்குறையை ஃபோலிக் அமிலம் ஓரளவு மறைத்துவிடக் கூடுமாதலால், அத்தகையோர் பி12 அளவையும் மருத்துவரிடம் கேட்டறிந்துகொள்வது நலம். பாலும் தயிரும் அதற்கு உதவும்.

இரண்டாவது, உணவு. கீரையும் பயறுமே ஃபோலேட்டின் களஞ்சியங்கள். நம் ஊர்க் கீரை இங்கே கிடைப்பதில்லை என்று மனம் தளர வேண்டுவதில்லை, பெயர்தான் வேறு. நம் தண்டுக்கீரையின் இனத்தை வடநாட்டில் சௌலாயி என்பர்; வெந்தயக் கீரை அங்கே மேத்தி; வங்காளத்தில் செங்கீரைக்கு லால் ஷாக் என்றும், முருங்கைக் கீரைக்குச் சஜ்னே ஷாக் என்றும் பெயர். பாலக் எங்கும் கிடைக்கும். பாசிப்பயறு, கொண்டைக்கடலை, ராஜ்மா, உளுந்து, நிலக்கடலை, முட்டை, ஆரஞ்சு ஆகியவற்றிலும் இச்சத்து உண்டு. இது நீரில் கரைவது. நெடுநேரக் கொதியில் அழிவது. கீரையைக் கழுவிய பின் நறுக்கி, சிறிது நீரில் விரைவாக வேகவைத்து, அந்த நீரையும் குழம்பில் சேர்த்துவிடுக. ஆயினும் முதல் மூன்று மாதங்களுக்குக் கீரை மட்டும் போதும் என்று மாத்திரையைத் தவிர்க்கலாகாது.

மூன்றாவது, புகையிலை. விடுவதற்குக் காலம் கடந்துவிட்டது என்பது எப்போதும் இல்லை. கருவுற்ற முதல் சில மாதங்களுக்குள் புகையை விட்ட தாய்மாரின் குழந்தைகள், ஒருபோதும் புகைக்காதவர்களின் குழந்தைகளை எடையில் ஏறக்குறைய ஒத்திருந்தன. ஐந்தாம் மாதத்தில் விட்டாலும், ஏழாம் மாதத்தில் விட்டாலும், எஞ்சிய நாட்களுக்கேனும் குழந்தைக்கு நன்மை உண்டு. மிஷ்ரியை நாடத் தூண்டிய தொல்லைக்கு வேறு பரிகாரம் தேடுக. ஈறு வீங்கினால் வெதுவெதுப்பான உப்பு நீரால் கொப்பளித்து, பல் மருத்துவரைக் காண்க. மலச்சிக்கலுக்குக் கீரையும் பழமும் நிறைய நீரும் துணை. மசக்கைக்குச் சிறிது சிறிதாகப் பலமுறை உண்பது நன்று. பழக்கம் வேரூன்றியிருந்தால் 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம். புகையிலையை விடுவதற்கு உதவ 2016-இல் தொடங்கப்பட்ட இச்சேவையின் எண் புகையிலைப் பொட்டலங்களிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. நிக்கோட்டின் கலந்த மெல்லுகோந்தும் ஒட்டுப்பட்டையும் நிக்கோட்டினே. மருத்துவர் சொல்லாமல் கருவுற்றவர்கள் அவற்றைத் தொடலாகாது.

நான்காவது, வீட்டிலுள்ள மற்றவர்களின் கடமை. ஓர் அறையும் சமையற்கட்டும் மட்டுமே உள்ள நகரத்து வீட்டில் கணவர் பீடியோ சிகரெட்டோ பிடித்தால், அந்தப் புகையில் ஒரு பங்கு மனைவிக்கும், அவள் வழியாகச் சிசுவுக்கும் போய்ச் சேருகிறது. சன்னலருகே நின்று புகைத்தால் போதும் என்பது வெறும் மனச்சமாதானமே. பீடி சுற்றுவோரும் புகையிலை பதனிடும் தொழிலில் உள்ளோரும் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடலில் ஏறும். கருவுற்ற பெண்ணை அத்தொழிலிலிருந்து விலக்கி வேறு வேலை தருவதே முறை. இயலாதவிடத்து, வேலை செய்யும் இடத்தில் உண்ணாமலும், கைகளைச் சோப்பால் நன்கு கழுவியும், புகையிலைத் தூளைப் படுக்கும் இடத்தில் சேர்க்காமலும் இருத்தல் வேண்டும்.

ஐந்தாவது, மருத்துவத் துணை. மொழி தெரியாத ஊரில் ஆஸ்பத்திரிக்குச் செல்லத் தயங்கி, ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாட்களைக் கடத்துவோர் நம்மில் மிகுதி. கடத்திய நாட்களே விலைமதிப்பற்றவை. மாதவிலக்கு தள்ளிய உடனே அருகிலுள்ள அரசு நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்க. ஆஷா பணியாளரும் அங்கன்வாடிப் பணியாளரும் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் இருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதியன்று, நான்காம் மாதத்தைக் கடந்த கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவ நிலையங்களில் மருத்துவரே பார்க்கும் இலவசப் பரிசோதனைத் திட்டம் நடைபெற்று வருகிறது. அங்கே தரும் தாய்-சேய் நல அட்டையைப் பத்திரப்படுத்தி, பிரசவத்துக்கு ஊர் செல்லும்போது உடன் எடுத்துச் செல்ல வேண்டும். முதல் மாதங்களில் நடந்ததை ஊரிலுள்ள மருத்துவருக்கு எடுத்துரைக்க அதைவிட நல்ல சான்று வேறில்லை. புகையிலைப் பழக்கம் உண்டா என்று மருத்துவர் கேட்டால் நாணி மறைக்காமல் உள்ளதைச் சொல்லிவிடுக. மிஷ்ரி என்றும் குடாக்கு என்றும் எப்பெயரால் அறிந்திருந்தாலும் அப்பெயரையே சொன்னால் போதும்.

நேயர்களே, குறைபட்ட எலும்போடு ஒரு குழந்தை பிறந்தால் நம் வீடுகளில் முதலில் பழிக்கப்படுபவள் தாய். கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்பர், விதி என்பர். விதியின்மேல் போடும் பழியில் ஒரு பங்கு, எவரும் எடுத்துச் சொல்லாமற்போனதன் பழி. சொல்ல வேண்டியது நெடிய பாடமும் அன்று. திருமணமாகி வெளியூரில் குடித்தனம் தொடங்கும் தங்கைக்கோ, மகளுக்கோ, அடுத்த வீட்டுப் பெண்ணுக்கோ, நாளுக்கு ஒரு சிறு மாத்திரை, வாரம் பல முறை கீரையும் பயறும், வாயிலும் வீட்டிலும் புகையிலை இல்லாமை என்ற மூன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவள் கருவுற்ற செய்தி கடிதத்திலோ தொலைபேசியிலோ வந்து சேர்ந்த பின் சொல்வதைவிட, அதற்கு முன்பு சொல்வதே பயன் தரும்.